பழைய காரை நாங்கள் ஏன் விற்கவில்லை

காருக்கு 15 வயது தாண்டிவிட்டால் போதும், சேலத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் "இன்னும் இதையேவா வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். எங்கள் 2009 பெட்ரோல் வண்டியை வைத்துக்கொள்வது என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டோம். வயதை மட்டும் பார்த்துக் காரை விற்பது வீண்செலவு என்பது என் உறுதியான கருத்து.

டெல்லியில் பழைய வண்டிகளுக்கு வந்த தடையை டி.வி.யில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், பசுமை வரி தனி. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள்.

"ஒரு லட்சத்துக்குக்கூடப் போகாத வண்டிக்கு நாற்பதாயிரம் செலவா?" என்று மச்சான் கேட்டார். ரிப்பேர் செலவைப் பழைய வண்டியின் விலையோடு ஏன் ஒப்பிட வேண்டும்? புது வண்டியின் தவணையோடு ஒப்பிடுங்கள். ஷோரூம் விலை 7 லட்சம் என்றால் வாங்கும்போதே கட்டும் ஆயுள் வரியே 13 சதவீதம், அதாவது 91,000. 6 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு வாங்கினால் மாதம் 12,500 பக்கம் வரும். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்! கடன் முடியும்போது இன்சூரன்ஸ்காரர் கணக்கில் வண்டி மதிப்பு பாதியாகியிருக்கும். சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது நல்லதுதான், ஆனால் இந்தக் கணக்கை அது மாற்றவில்லை. கிளட்ச் செட், சஸ்பென்ஷன் புஷ், எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காத பழைய ரப்பர் ஓஸ் எல்லாம் மாற்றியும் எங்களுக்கு அந்த நாற்பதாயிரத்தோடு முடிந்தது.

அப்பா அம்மா ஏற்காட்டில் இருக்கிறார்கள், அதனால் 20 கொண்டை ஊசி வளைவும் எங்களுக்குப் பழகிய பாதை. ஏறும்போது எந்த வண்டியும் முக்கி முனகி ஏறிவிடும். இறங்கும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாளாக ஆக அதன் கொதிநிலை குறையும். வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவோம். வளைவுகளில் இறங்கும்போது இரண்டாம் கியரை விடுவதில்லை. டயரிலும் பட்டன் (மேலே உள்ள வெட்டு) தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பர் இறுகிப்போன டயர் மலை மழையில் பிடிக்காது. தயவுசெய்து உங்கள் வண்டியில் இன்றைக்கே பாருங்கள்.

கன்னங்குறிச்சி மெக்கானிக் வண்டியைத் தூக்கி வைத்து, டார்ச் அடித்து, ஸ்க்ரூ டிரைவரால் அடிப்பாகம் முழுக்கக் குத்திப் பார்த்தார். "இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாதுங்கண்ணே. சேஸிஸ் உளுத்துப்போச்சுன்னா மட்டும் வெச்சுக்காதீங்க" என்றார். சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், எங்கும் துருப்பிடித்து உளுத்துப்போகவில்லை. உப்புக்காற்று இல்லாத ஊரில் இருப்பதன் புண்ணியம்.

ஒரே ஒரு விஷயத்தில் மச்சான் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். எங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, சடாரென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். இல்லை. புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். 2019-லிருந்துதான் கட்டாயம், முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் 2022-லிருந்து. எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்கும் இதைப் பழைய வண்டியில் சேர்த்துவிட முடியாது. ஊருக்குள்ளும் மலையிலும் மெதுவாகத்தான் ஓட்டுகிறோம். பெங்களூர், கோவை என்றால் ரயில். தவணைக்குப் போகாத பணத்தில் ஒரு பங்கு மாதாமாதம் தபால் ஆபீஸ் ஆர்.டி. சேமிப்புக்குப் போகிறது. மகளுக்கு வேலை கிடைத்து ஹைவேயில் அடிக்கடி போக வேண்டி வந்தால் அன்றைக்குத் தயங்க மாட்டோம், ஆறு ஏர்பேக் உள்ள வண்டியாக வாங்கிவிடுவோம்.