அழைப்புமணியை மாற்றிவிட்டார்கள்

"பழைய டிவி தொடர்கள் எல்லாம் ஏதோ ஒரு பீரோவில்தானே மாமா இருக்கும்? எடுத்து டிவிடியில் போட்டு விற்க வேண்டியதுதானே? இதில் என்ன கஷ்டம்?" என்று அக்கா மகன் கேட்டான். பொங்கலுக்கு வந்திருந்தான். இருபத்து நான்கு வயது. டிவிடி என்ற சொல்லையே என்மீது இரக்கப்பட்டுத்தான் பயன்படுத்தினான் என்று நினைக்கிறேன். இலையில் பாயசம் விழுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்று ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடர். 1978 முதல் 1982 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. மொத்தம் 90 பகுதிகள். நஷ்டத்தில் ஓடும் ஒரு வானொலி நிலையம் பிழைப்புக்காக ராக் இசைக்கு மாறுகிறது, அங்கே வேலை பார்ப்பவர்கள் படும் பாடுதான் கதை. அந்த நிலையத்தின் வரவேற்பாளர் ஜெனிஃபர். அவர் வீட்டு அழைப்புமணியை அழுத்தினால் 'ஃப்ளை மீ டு தி மூன்' பாட்டு ஒலிக்கும். வாசலில் நிற்பவர் முகமும் அந்தப் பாட்டும் சேர்ந்தால்தான் சிரிப்பு வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒஹையோ மாநிலத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், ஓய்வு பெறும் வயதில் இருந்த ஓர் அமெரிக்கர், இந்தத் தொடர் முதன்முதலில் ஒளிபரப்பானபோதே வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த கேசட்டுகளைக் கொடுத்தார். படம் மங்கல், இடையிடையே சோப்பு விளம்பரம், ஆனால் விழுந்து விழுந்து சிரித்தேன். சில மாதம் கழித்து அதே பகுதியை டிவி மறுஒளிபரப்பில் பார்க்க நேர்ந்தது. மணியை அழுத்துகிறார்கள். வேறு மெட்டு! முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். மறுநாள் அந்த மனிதரிடம் கேட்டால், "உனக்கும் தெரிந்துவிட்டதா?" என்று துக்க வீட்டில் பேசுவதுபோல் பேசினார்.

புதிதாக வைத்த மெட்டு 'பியூட்டிஃபுல் ட்ரீமர்'. ஸ்டீஃபன் ஃபாஸ்டர் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடலாசிரியருடையது. அவர் இறந்து நூறு வருடத்துக்கும் மேலாகிவிட்டது, காப்புரிமையும் போய்விட்டது, யாருக்கும் ஒரு காசு கொடுக்க வேண்டாம். மணியை மாற்றியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஒரு பாட்டைத் தொடரில் பயன்படுத்த இரண்டு பேரிடம் போய் நிற்க வேண்டும். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் பக்கம் ஓர் உரிமை. அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவை வைத்திருக்கும் இசைத்தட்டு நிறுவனத்தின் பக்கம் இன்னோர் உரிமை. இந்தச் சண்டை நமக்கொன்றும் புதிதல்ல. 2017-இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனபோது டீக்கடையில்கூடக் காப்புரிமைச் சட்டம் பேசினோமே! பாட்டு யாருடையது என்று கேட்டால் நான்கு பேர் நான்கு பதில் சொல்வார்கள். 90 பகுதிகள் கொண்ட தொடரில், அதுவும் பாட்டுப் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் கதையில், எத்தனை பாட்டு, எத்தனை வாசல் என்று எண்ணிப் பாருங்கள்.

1978-இல் போட்ட ஒப்பந்தங்கள் ஒளிபரப்புக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும். ஒரு தொடரை முழுசாகப் பெட்டியில் அடைத்து வீட்டுக்கு விற்பார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்க முடியாது. அமெரிக்காவில் டிவிடி வந்ததே 1997-இல். முழு சீசனையும் ஒரே பெட்டியில் விற்கும் வழக்கம் 2000 வாக்கில்தான் பரவியது. ஆகவே விற்க நினைத்தவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியிருந்தது. இப்போதோ அந்தப் பாட்டுகள் எல்லாம் புகழ்பெற்றுவிட்டன, விலையும் அதற்கேற்ப.

இதில் எனக்குப் பிடித்த கோணல் ஒன்று உண்டு. அந்தத் தொடரைப் படச்சுருளில் எடுக்காமல் வீடியோ நாடாவில் எடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அன்றைய நடைமுறைப்படி நாடாவில் எடுத்த நிகழ்ச்சிகளுக்குப் பாடல் கட்டணம் குறைவு என்பதுதான். அந்தச் சிக்கனத்தால்தான் நிஜமான பாட்டுகளைத் தாராளமாகப் போட முடிந்தது. ஆனால் நாடாவில் எடுத்ததால் படத்தை இன்றைய தரத்துக்கு உயர்த்தவும் வழியில்லை. பாட்டும் போயிற்று, படமும் அங்கேயே நின்றுவிட்டது.

லெஸ் நெஸ்மன் என்று ஒரு செய்தி வாசிப்பாளர் அதில் வருவார். பயந்த சுபாவம், வழுக்கைத் தலை. ஜெனிஃபரோடு வெளியே போவதற்காக ஒரு பொய்முடியை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் அலங்காரம் செய்துகொள்வார். பின்னணியில் ஃபாரினர் குழுவின் 'ஹாட் பிளடட்' அதிரும். அந்தப் பாட்டின் ஆண்மைக் கர்ஜனைக்கும் அந்த மனிதரின் உடம்புக்கும் உள்ள தூரம்தான் நகைச்சுவை. அந்த இடத்தில் ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு கிட்டார் இசையை வைத்தால் என்ன மிஞ்சும்? ஒருவர் தலைக்கு முடி வைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு கொடுமை. பாட்டு ஓடும்போதே நடிகர்கள் பேசியிருப்பார்கள். ஒலித்தடத்தில் இரண்டும் கலந்துகிடக்கும். பாட்டை மட்டும் உருவி எடுக்க முடியாது. ஆகவே மறுஒளிபரப்புக்காக அந்த வசனங்களை வேறு ஆட்களை வைத்து, ஏறக்குறைய அதே குரலில், மறுபடி பேசவைத்தார்கள். பழகிய மனிதர் ஒரு வாக்கியத்தின் நடுவில் திடீரென்று பக்கத்து வீட்டுக்காரர் குரலில் பேசினால் எப்படி இருக்கும்?

2007-இல் முதல் சீசன் டிவிடியாக வந்தது. அதிலும் ஏராளமான பாட்டுகள் மாற்றப்பட்டிருந்தன, சில இடங்களில் காட்சியே வெட்டப்பட்டிருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த சீசன்கள் வரவே இல்லை. பிறகு 2014-இல் ஷவுட் ஃபேக்டரி என்ற நிறுவனம் வாசல் வாசலாக ஏறி, பெரும்பாலான பாட்டுகளுக்கு அனுமதி வாங்கி, நான்கு சீசனையும் ஒன்றாக வெளியிட்டது. எல்லாப் பாட்டும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

'நிறுவனங்களுக்குப் பேராசை' என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். பேராசை இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஆனால் முப்பது வருடம் முந்தைய தொடரைச் சில ஆயிரம் பேர்தான் வாங்குவார்கள் என்று தெரிந்தே நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்குப் பணம் கட்டுங்கள் என்றால், நானாக இருந்தாலும் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.

என் கோபம் வேறு. மாற்றியதைச் சொல்லாமல் விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான்.

'குவாண்டம் லீப்' என்று ஒரு தொடர். அதில் 1990-இல் வந்த ஒரு பகுதியில், வியட்நாம் போரில் பிடிபட்டுக் கிடந்த ஒருவர் காலத்தில் பின்னோக்கிப் போய்த் தன் மனைவியைப் பார்க்கிறார். அவர் வெறும் ஒளியுருவம். மனைவியின் கண்ணுக்கும் தெரிய மாட்டார், கையும் படாது. ரே சார்லஸ் பாடிய 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' ஒலிக்க, அவள் தனியாக ஆடுகிறாள். அவர் பக்கத்தில் நின்று அவளோடு ஆடுவதுபோல் ஆடுகிறார். அந்தக் காட்சியில் இருவரையும் தொட்டது அந்தப் பாட்டு மட்டும்தான். 2004-இல் டிவிடி வந்தபோது அந்தப் பாட்டு இல்லை. புதிதாகப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்று இருந்தது என்றே தெரியாது. ஏதோ சுமாரான காட்சி என்று கடந்துவிடுவார். சிற்பத்தின் கையை உடைத்துவிட்டு, பிறவியிலேயே இப்படித்தான் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாற்றுங்கள், வேறு வழியில்லை என்றால் மாற்றுங்கள். மாற்றினோம் என்று உறையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் போடுங்கள், எந்தப் பகுதியில் எந்தப் பாட்டு என்று உள்ளே ஒரு தாள் வையுங்கள். மிக்சர் பாக்கெட்டில்கூட என்னென்ன போட்டிருக்கிறோம் என்று அச்சிடுகிறார்களே.

இனி பீரோவுக்கு வருவோம். மருமகன் சொன்ன அந்த பீரோவே சில இடங்களில் காலி. பிரிட்டனின் பிபிசி 1967-லிருந்து 1978 வரை 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் பழைய நாடாக்களை அழித்துத் தள்ளியது. நாடா விலை அதிகம். அழித்துவிட்டு மேலே வேறு பதியலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. பழையதையே போட்டுக்கொண்டிருந்தால் புது நடிகருக்கு வேலை ஏது என்ற நியாயமான பயம். தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் அப்படித் தொலைந்தன. வெளிநாடுகளுக்கு விற்ற படச்சுருள் பிரதிகளைத் தேடிப் போனவர்களுக்கு நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் ஒன்பது பகுதிகள் கிடைத்தன. 2013-இல் அந்தச் செய்தி வந்த அன்று நான் அலுவலகத்தில் வேலையே பார்க்கவில்லை. இதைவிட வேடிக்கை ஆஸ்திரேலியாவில். குழந்தைகள் பயப்படுவார்கள் என்று அங்கே தணிக்கையாளர்கள் வெட்டி எறிந்த துண்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன, 1996-இல் கண்டெடுத்தார்கள். சில கதைகளில் மிச்சமிருப்பது அந்தப் பயங்கரமான நொடிகள் மட்டும்தான்.

ஆனால் தொலைந்த பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. எப்படி என்றால், அறுபதுகளில் சில சிறுவர்கள் டிவி பெட்டியின் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்திருக்கிறார்கள். அந்த ஒலிக்கு இப்போது அனிமேஷன் படம் வரைந்து வெளியிடுகிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்காத பொடியன்கள் காப்பாற்றியது அது.

படச்சுருளில் எடுத்த தொடர்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு, பணம் இருந்தால். 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 178 பகுதிகள். எடுத்தது 35 எம்எம் படச்சுருளில். வெட்டி ஒட்டியது வீடியோ நாடாவில். புளூ-ரேக்காக மூல நெகட்டிவைத் தேடி எடுத்து, முழுத் தொடரையும் மறுபடி முதலிலிருந்து தொகுத்தார்கள். 2012 முதல் 2014 வரை வெளியீடு நடந்தது. விற்பனை போதவில்லை. அடுத்து வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடருக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. 1966-இன் 'பேட்மேன்' கதையோ பங்காளிச் சண்டை. தொடர் ஒரு நிறுவனத்துடையது, பாத்திரங்கள் இன்னொரு நிறுவனத்துடையவை. 120 பகுதிகளும் 2014 வரை டிவிடியாக வராமல் உள்ளேயே கிடந்தன.

நம் ஊருக்கும் ஒரு வார்த்தை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியை யாராவது அப்படியே தட்டாக வெளியிட முடியுமா? ஒரு வாரத்துக்குரிய அரை மணி நேரத்தில் வரும் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு தயாரிப்பாளருடைய படம். அந்தப் பாட்டுகள் எல்லாம் இன்று யூடியூபில் தனித்தனியாகக் கிடக்கின்றன. எனக்கு வேண்டியது பாட்டு இல்லை. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வந்தது, இடையில் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் படம் நின்று அம்மா சமையலறைக்குப் போனாள் என்பது.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு கேசட் இருந்தது. 1996 மார்ச் 9-ஆம் தேதி, பெங்களூரில் இந்தியா பாகிஸ்தான் உலகக் கோப்பை கிரிக்கெட் காலிறுதி. அப்பா அவசரத்தில் கையில் கிடைத்த கேசட்டைச் செருகிப் பதிவு பொத்தானை அழுத்திவிட்டார். பிபிசியைத் திட்டும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொள்வேன். அஜய் ஜடேஜா வக்கார் யூனிஸை அடித்து நொறுக்கி முடிந்ததும், கடைசியில் அழியாமல் தப்பிய ஆறு நிமிடம் பழைய வெள்ளிக்கிழமை மிச்சம் இருக்கிறது.

மருமகன் இதைக் கேட்டதும் உற்சாகமாகி, கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரும் கடை ஒன்றைக் கண்டுபிடித்து அழைத்துப் போனான். கடைக்காரர் நல்ல மனிதர். நாடாவில் பூஞ்சை பிடித்திருப்பதைக் காட்டினார், துடைத்தார், பொறுமையாக ஓட்டிப் பார்த்தார். படம் ஓரளவு தேறும் என்றார். ஆனால் ஒலி நடுநடுவே போய்விட்டது.

"கவலைப்படாதீர்கள் சார்," என்றார். "சத்தம் போன இடத்தில் எல்லாம் நானே நல்ல மியூசிக் போட்டுத் தருகிறேன்."

மருமகன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனே அவரிடம், "வேண்டாம் அண்ணா, அப்படியே இருக்கட்டும்" என்றான்.