கேனன்பால் ஆடர்லி சோலோ வாசிக்காத பாட்டு

சோல் ஜாஸ் (தேவாலயப் பாட்டு, ப்ளூஸ் இவற்றின் சாயல் கலந்த ஜாஸ்) என்றால் விற்பனைக்காக நீர்த்துப்போன ஜாஸ் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. கேனன்பால் ஆடர்லியின் ‘மெர்சி, மெர்சி, மெர்சி’ ஆல்பத்தை முழுசாகக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆல்டோ சாக்ஸபோனில் அவ்வளவு பெரிய ஆள், ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் இன்னொரு சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர். அப்படிப்பட்டவர் தன் பெயரில் வந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் சோலோவே, அதாவது தனியாக முன்னால் வந்து வாசிக்கும் பகுதியே, வாசிக்கவில்லை. மெட்டு போட்டவர் வியன்னாவில் பிறந்த பியானோக்காரர் ஜோ ஸாவினுல், சோலோவும் அவருக்கே. வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோவில் அவர் நிதானமாகத் தொடங்க, கேனன்பாலும் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசிக்கும் தம்பி நாட் ஆடர்லியும் அப்புறம்தான் சேர்ந்துகொள்கிறார்கள். மெட்டு படிப்படியாக மேலே ஏறுகிற அந்த இடத்தில் கூட்டம் கத்துகிறது பாருங்கள், அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு இந்தப் பாட்டே இல்லை. அங்கே கேனன்பால் தன் சோலோவை நுழைத்திருந்தால் பாட்டு கெட்டிருக்கும், அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாட்டுக்கு முன்னால், கஷ்டம் வரும்போது நாம் அதற்குத் தயாராக இருப்பதில்லை என்று கூட்டத்திடம் பேசுகிறாரே, அதையும் தள்ளிவிடாமல் கேளுங்கள். ஃப்ளோரிடாவில் பள்ளி இசை ஆசிரியராக இருந்தவர், பேச்சில் அது தெரியும்.

அட்டையில் சிகாகோவின் ‘தி கிளப்’ என்ற கேளிக்கை விடுதியில் பதிவானது என்று போட்டிருந்தார்கள். உண்மையில் 1966 அக்டோபரில் ஹாலிவுட்டின் கேபிடல் ஸ்டுடியோவில், ஆட்களை அழைத்து உட்காரவைத்து, குடிக்கவும் கொடுத்துப் பதிவு செய்தது. இடத்தை மாற்றிப் போட்டது தப்புதான். ஆனால் அந்த ஆரவாரம் அங்கே வந்திருந்தவர்களுடையது, அதில் பொய் இல்லை.

1967இல் அமெரிக்காவின் பிரபல பாட்டுகளின் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100இல் 11ஆம் இடம், அப்புறம் கிராமி விருது. ஜாஸ் கேட்டே பழகாத வீடுகளுக்குள்ளும் இது போயிருக்கிறது, அதைக் குறையாகச் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை.

கேனன்பால் தன்னால் வாசிக்க முடியாமல் விட்டார் என்று யாருக்காவது தோன்றினால், அதே ஆல்பத்தின் முதல் பாட்டு, நாட் எழுதிய ‘ஃபன்’, அதைப் போடுங்கள். அந்த வேகத்தில் மனுஷன் கொட்டித் தீர்த்திருக்கிறார். கடைசியில் வரும் அவருடைய ‘சாக் ஓ வோ’வையும் விட்டுவிடாதீர்கள்.