இரண்டு வருடமும் வகுப்பில் கழிவதில்லை

“களத் தொற்றுநோயியல் பயிற்சி என்றால், சுகாதார ஊழியரை இரண்டு வருடம் வேலையிலிருந்து எடுத்துப் பல்கலைக்கழக வகுப்பில் உட்காரவைப்பதுதான்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. நோய் எங்கே, எப்படிப் பரவுகிறது என்று களத்திலேயே கண்டறியக் கற்றுத்தருவது இந்தப் பயிற்சி; அதில் பல நிலைகள் உண்டு.

இரண்டு வருடம் என்பது மேல்நிலைப் பயிற்சிக்கு மட்டும். அதிலும் வகுப்பு ஏறக்குறைய கால் பங்குதான், மீதி களப்பணி. சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001-இல் இதைத் தொடங்கியபோது பட்டம் வழங்கியது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். பட்டம் ஓரிடம், களம் வேறிடம். இரு நிறுவனங்களின் கூட்டு என்பதே அதுதான்.

முதல் படியான முன்களநிலைப் பயிற்சி சுமார் 3 மாதம். சில நாள் பயிலரங்கு, பிறகு சொந்தப் பணியிடத்துக்கே திரும்பி வேலை. முக்கியமான வேலை, புறநோயாளர் பதிவேட்டையும் வாராந்திர அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணுவது. பதிவேட்டில் வயிற்றுப்போக்கு 14, அறிக்கையில் 9 என்றால், அந்த 5 எங்கே விட்டுப்போனது? நோய் வரையறையிலா, கூட்டலிலா, தாமதமாக வந்த பதிவிலா? இதைக் கண்டுபிடிக்கப் பழகுவதுதான் பயிற்சி.

இது சறுக்குவது வேறு இடத்தில்: பக்கத்தில் நின்று திருத்த அனுபவமுள்ள வழிகாட்டி இல்லாதபோதும், பயிற்சி முடித்தவரை நோய்க் கண்காணிப்புக்குத் தொடர்பில்லாத பணிக்கு மாற்றிவிடும்போதும். குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள்.