உன்னைப் பெற்ற தேவன்

போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு சகோதரிக்காக என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். "தாயைப்போலத் தேற்றுகிற ஆண்டவரே, இவளை உம்முடைய மடியில் ஏந்திக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். வேறு வார்த்தை எதுவும் அப்போது வாயில் வரவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மூத்த சகோதரர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், கடவுள் நமக்குப் பிதா. தாய், மடி என்றெல்லாம் ஜெபித்தால் அது வேற எங்கேயோ கொண்டுபோய் விட்டுடும், பார்த்துக்கோங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த இடத்தில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏசாயாவைத் திறந்தேன். 66-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனம்: "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்." நான் ஜெபித்தது இதைத்தான். மடி மட்டும் நான் சேர்த்தது என்று நினைத்தேன். முந்தின வசனத்தைப் பார்த்தால் அதுவும் அங்கே இருக்கிறது. எருசலேம் நகரம் ஒரு தாயாக, பிள்ளைகளை இடுப்பில் சுமக்கிறது, முழங்காலில் வைத்துத் தாலாட்டுகிறது. அடுத்த வசனத்தில் அந்தத் தாயின் இடத்துக்குக் கர்த்தரே வந்துவிடுகிறார்.

கடவுளின் தாய்மை யாரோ நேற்றுக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த கருத்து என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது மோசேயின் பாட்டைத்தான். உபாகமம் 32:18. "உன்னை ஜெநிப்பித்த கன்மலையை நீ நினையாமற்போனாய்; உன்னைப் பெற்ற தேவனை மறந்தாய்." பெற்ற தேவன். அந்த இடத்தில் எபிரெய மூலத்தில் உள்ள சொல், பிரசவ வலியில் ஒரு பெண் துடிப்பதைக் குறிக்கிற சொல். 'போல' என்றுகூட அங்கே இல்லை, நேரடியாகவே சொல்கிறார்கள். அதே பாட்டில் கொஞ்சம் முன்னால், கழுகு தன் குஞ்சுகளின்மேல் 'அசைவாடி', அவைகளைத் தன் செட்டைகளின்மேல் சுமக்கிறது என்று வரும். 'அசைவாடுதல்' என்ற சொல்லை வேறு எங்கே படித்திருக்கிறோம்? வேதாகமத்தின் முதல் பக்கத்தில். தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார். எபிரெயத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான், நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கவனித்துத் தமிழிலும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். உலகம் உண்டாவதற்கு முன்பே, குஞ்சுகள்மேல் சிறகை விரித்து நிற்கிற ஒரு பறவையின் சாயல் அங்கே இருந்திருக்கிறது. எத்தனை வருஷம் அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லியும் எனக்கு இது தெரியாமல் போயிற்று.

ஏசாயா 42-ஐயும் பாருங்கள். 13-ஆம் வசனத்தில் கர்த்தர் யுத்தவீரனைப்போலப் புறப்படுகிறார். அதைப் பற்றி நிறைய பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அடுத்த வசனத்தில் அதே கர்த்தர், வெகுகாலம் அடக்கிவைத்திருந்துவிட்டு, இப்போது பிள்ளை பெறுகிறவளைப்போலச் சத்தமிடுகிறார். அதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை.

இப்போது என் சொந்த விஷயம் ஒன்று. என் அம்மாவின் கடைசி நான்கு மாதம், படுக்கையிலிருந்து அவளைத் தூக்கி உட்காரவைத்தது நான்தான். ஒரு கையை முதுகுக்குக் கீழேயும் இன்னொரு கையை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டும். மெலிந்துபோன உடம்புதான். ஆனாலும் தன்னைத்தானே தாங்க முடியாத உடம்பு தனியாகக் கனக்கும், தூக்கினவர்களுக்குத் தெரியும். ஒருநாள் அப்படித் தூக்கும்போது என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, "உன்னை நான் இப்படித்தான் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையணையைச் சரிசெய்தேன்.

அந்த நாட்களில்தான் ஏசாயா 46 எனக்குப் புரிந்தது. அந்த அதிகாரம் பாபிலோனின் தெய்வங்களில் தொடங்குகிறது. பேல், நேபோ. அவற்றின் சிலைகளை மிருகங்கள்மேல் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், மிருகங்கள் பாரம் தாங்காமல் தள்ளாடுகின்றன. அந்தத் தெய்வங்களைச் சுமக்க ஆள் வேண்டும். உடனே கர்த்தர் பேசுகிறார்: தாயின் வயிற்றில் தோன்றினதுமுதல் உங்களை ஏந்தினேன், கர்ப்பத்தில் உற்பத்தியானதுமுதல் உங்களைத் தாங்கினேன். அப்புறம் வருகிறது, "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்" என்ற வார்த்தை. எந்தத் தாயாலும் இதைச் சொல்ல முடியாது. பிள்ளைக்கு நரைக்கும்போது தாய் படுக்கையில் இருப்பாள், அல்லது இருக்கவே மாட்டாள். சுமந்தவள் சுமையாகிற நாள் எல்லா வீட்டிலும் வருகிறது. கடவுளிடத்தில் அந்த நாள் வராது. ஒரு கையை அம்மாவின் முதுகுக்குக் கீழே கொடுத்தபடி அதை நினைத்தபோது, அவளையும் என்னையும் சேர்த்து யாரோ தூக்கிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. இதற்குமேல் அதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

'இரக்கம்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடவுளின் இரக்கத்துக்கு எபிரெயத்தில் அடிக்கடி வருகிற சொல் 'ரஹமீம்'. கர்ப்பப்பைக்கு அவர்கள் சொல்வது 'ரெஹெம்'. இரண்டும் ஒரே வேர். சாலொமோன் முன்னால் வந்த இரண்டு பெண்களின் கதை எல்லோருக்கும் தெரியும். பிள்ளையை இரண்டாக வெட்டுங்கள் என்றதும் பெற்றவளுக்கு என்ன ஆயிற்று? 'அவள் குடல் துடித்தது' என்று தமிழ் வேதாகமம் சொல்கிறது. அங்கே மூலத்தில் இருப்பது இதே ரஹமீம்தான். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நாம் சொல்கிறோமே, அந்தத் துடிப்பு. கடவுள் இரங்குகிறார் என்று படிக்கும்போது, மேலே இருந்து கீழே பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்கிற ஒரு பெரிய மனிதரை நான் மனதில் வைத்திருந்தேன். அந்தச் சொல் உடம்புக்குள்ளிருந்து வருகிறது. "தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல" என்ற 103-ஆம் சங்கீதத்திலும், அந்த 'இரங்குகிற' என்ற சொல் இதே வேரிலிருந்து வந்ததுதான். தகப்பனைப் பற்றிச் சொல்லும்போதும் சங்கீதக்காரனுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை.

சரி, இயேசு 'பிதா' என்றுதானே ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்பீர்கள். ஆமாம். நானும் தினமும் பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்றுதான் தொடங்குகிறேன், அதை மாற்றச் சொல்லவில்லை. மாற்றக் கூடாது என்றே நினைக்கிறேன். அது அவர் வாயிலிருந்து வந்த ஜெபம். ஆனால் பிதா என்று சொல்லிக்கொடுத்த அதே இயேசு, எருசலேமுக்காகப் புலம்பும்போது தன்னை எதற்கு ஒப்பிட்டார்? குஞ்சுகளைச் சிறகுகளின்கீழே கூட்டிச் சேர்க்கிற கோழிக்கு. காணாமல்போன ஆட்டைத் தேடும் மேய்ப்பனுக்கும், இளைய மகனுக்காகக் காத்திருக்கும் தகப்பனுக்கும் நடுவில், விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கி ஒரு வெள்ளிக்காசைத் தேடுகிற பெண்ணை வைத்தார். மூன்று கதையிலும் தேடுகிறவர் கடவுள்தான். மேய்ப்பனும் தகப்பனும் நம் பிரசங்கங்களில் நிறைய வருகிறார்கள், துடைப்பத்தோடு நிற்கிற அந்தப் பெண் அவ்வளவாக வருவதில்லை.

பயம் எதனால் என்று எனக்குப் புரிகிறது. தாய் என்று தொடங்கினால் அது தேவி வழிபாட்டில் போய் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த வார்த்தைகளைச் சொன்ன தீர்க்கதரிசிகளைப் பாருங்கள். அந்நிய வழிபாட்டை எதிர்த்து அவர்களைவிடக் கடுமையாகப் பேசினவர்கள் யாரும் இல்லை. பாகால் வழிபாட்டோடு வாழ்நாள் முழுக்கப் போராடின ஓசியாவின் வாயிலிருந்துதான், எப்பிராயீமை, அதாவது இஸ்ரவேல் ஜனத்தை, கைபிடித்து நடக்கப் பழக்கினேன் என்ற கடவுளின் வார்த்தை வருகிறது. அதே அதிகாரத்தில்தான் கடவுள், தான் மனுஷன் அல்ல, தேவன் என்றும் சொல்கிறார். அவர் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆதியாகமத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் அவருடைய சாயல்.

இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கிற ஒரு வசதியை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் கடவுளைச் சொல்ல ஆண்பால் சொல்லா பெண்பால் சொல்லா என்று பெரிய விவாதமே நடக்கிறது. நமக்கு 'அவர்' இருக்கிறது. அப்பாவுக்கும் அவர், ஆசிரியைக்கும் அவர். 'அவர் நம்மைத் தேற்றுகிறார்' என்று சொல்லும்போது அதில் மீசை எதுவும் இல்லை. நம் மனம்தான் ஒட்டவைக்கிறது.

சபை வரலாற்றிலும் இது புதிதல்ல. பழைய சீரியக் கிறிஸ்தவர்கள் பரிசுத்த ஆவியைப் பெண்பாலில்தான் சொன்னார்கள், அவர்கள் மொழியில் ஆவி என்ற சொல்லே பெண்பால். 675-ல் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில் கூடிய சபைச் சங்கம், குமாரன் பிதாவின் 'கர்ப்பத்திலிருந்து' பிறந்தவர் என்று எழுதிவைத்தது. காந்தர்பரி பேராயராக இருந்த அன்செல்ம், இயேசுவே நீரும் தாய் அல்லவா என்று ஜெபித்தார். 1978 செப்டம்பரில், 33 நாள் மட்டுமே போப்பாக இருந்த முதலாம் ஜான் பால், கடவுள் நம் தகப்பன், அதைவிட அதிகமாய் நம் தாய் என்று பேசினார். நான் கத்தோலிக்கர் அல்ல. ஆனாலும் அந்த வார்த்தைக்காக அவரை நேசிக்கிறேன்.

இவர்கள் எல்லோரிலும் எனக்கு நெருக்கமானவர் இங்கிலாந்தில் நார்விச் ஊரின் ஜூலியன். 1373-ல், முப்பது வயதில், சாகக் கிடந்தபோது இயேசுவின் பாடுகளைத் தரிசனமாகக் கண்டவர். அதைப் பின்னால் எழுதிவைத்தார். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் அது. இயேசுவை 'நம் தாய்' என்று தயங்காமல் சொல்கிறார். தாய் பிள்ளைக்குத் தன் பாலைக் கொடுப்பாள், நம் தாயாகிய இயேசு தன்னையே கொடுக்கிறார் என்கிறார். அவர் எழுதியதில் ஒரு சின்ன விவரம் உண்டு. கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் அவருடைய அம்மாவும் இருந்தார். மகள் இறந்துவிட்டாள் என்று நினைத்து, கண்ணை மூடிவிடக் கையை நீட்டினார். மகள் சாகவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே வந்த அந்தக் கையைப் பார்த்தவர்தான் பின்னால் இயேசுவைத் தாய் என்று எழுதினார். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தாய் என்றதும் வெறும் மென்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓசியா 13-ல் கடவுள் தன்னைக் குட்டிகளைப் பறிகொடுத்த கரடி என்கிறார், அது தன் சொந்த ஜனத்தின்மேல் வருகிற கோபம். 131-ஆம் சங்கீதத்தில் வருவது 'பால்மறந்த குழந்தை'. பால் மறக்கடித்த தாயிடம் கேட்டுப்பாருங்கள், அந்த இரவுகள் எப்படிப் போயின என்று. கேட்டதைக் கொடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதும் தாய்மைதான். பதில் வராத ஜெபங்களை நினைக்கும்போது எனக்கு இந்தச் சங்கீதம்தான் துணை.

தாயால் காயப்பட்டவர்களும் இதை வாசிப்பீர்கள். கடவுள் தாயைப்போல என்று கேட்டால் உள்ளே எதுவோ மூடிக்கொள்ளும், தெரியும். குடித்துவிட்டு அடிக்கிற தகப்பனோடு வளர்ந்தவர்களுக்குப் 'பிதா' என்ற சொல்லில் நடப்பதும் அதுவே. ஏசாயா 49 இதை மறைக்கவில்லை. ஸ்திரீயானவள் தன் பாலகனை மறப்பாளோ என்று கேட்டுவிட்டு, மறக்கவே மாட்டாள் என்று சொல்லவில்லை. "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்கிறது. மறந்த தாய்களும் உண்டு என்று கடவுளுக்குத் தெரியும்.

என் அம்மா பேச்சு குறைந்துபோன கடைசி வாரத்திலும், நான் அறைக்குள் வந்தால் "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பாள். தனக்கு ஒரு வாய் இறங்காது, என்னைக் கேட்பாள். அதனால்தானோ என்னவோ, இப்போது வேதாகமத்தில் அந்தக் கேள்விதான் கண்ணில் படுகிறது. செத்துப்போகிறேன் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் புத்திமதி சொல்லவில்லை. எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். யவீருவின் பன்னிரண்டு வயது மகளை உயிரோடு எழுப்பின இயேசு, எல்லோரும் பிரமித்து நிற்கும்போது, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்றார். அத்தனை பெரிய அற்புதத்துக்கு நடுவில் அந்தப் பிள்ளைக்குப் பசிக்கும் என்று அவருக்கு மட்டும் தோன்றியிருக்கிறது.

உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் நடந்ததும் அப்படித்தான். ராத்திரி முழுக்க வலைபோட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிற சீஷர்களைப் பார்த்து, பிள்ளைகளே, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கரையிலிருந்து கேட்கிறார். அவர்கள் வந்து சேரும்போது கரிநெருப்பு போட்டு, மீனும் அப்பமும் தயாராக வைத்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் பேதுருவும் இருக்கிறான். மூன்று தரம் அவரைத் தெரியாது என்று சொன்னவன். என்னை நேசிக்கிறாயா என்று அவனிடம் அவர் கேட்கத்தான் போகிறார், அதுவும் மூன்று தரம். ஆனால் உடனே கேட்கவில்லை. யோவான் அதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு.