கொசுவத்தில் ஒரு ஊக்கு

கடலூர் முதுநகர் பாஸ்டரம்மா மறைவுக் கட்டுரையில் அவர் ஜெபத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். கைவேலையையும் சொல்லியிருக்கலாம். பாப்டிஸ்ட் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது; விவரம் தெரிந்து, விசுவாசித்த பிறகு முழுக்குதான். தண்ணீரில் இறங்கினால் சேலை மிதந்து மேலே வருமே, அதற்காகப் பெண்களுக்கெல்லாம் கொசுவத்தில் ஊக்கு குத்திவிடுவது இவர்தான். எனக்கும் குத்தினார். "பயப்படாதே பாப்பா, மூக்கை மட்டும் பிடிச்சுக்கோ" என்றார். கரையேறியதும் துண்டு, சுக்குக்காப்பி.

2011 டிசம்பர் 30, தானே புயலில் எங்கள் கூரை பறந்துபோய், அவர் வீட்டுக் கூடத்தில்தான் படுத்தோம். கரண்ட் இல்லை. அரிக்கேன் வெளிச்சத்தில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே பேரப்பிள்ளைகளிடம் மனப்பாட வசனம் கேட்பார். தப்பினால் கஞ்சி லேட்! (பாட்டி என்றாலும் கறார்தான்.) அடக்க ஆராதனைக்கு வர முடியாமல் போய்விட்டது. அந்த ஊக்கைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை நான்.