கதீட்ரல் சாலையில் பூங்காவுக்கு முன்னால்

சென்னை செம்மொழிப் பூங்காவைப் பற்றி உங்கள் கட்டுரையில் இவ்வளவு விரிவாக எழுதிவிட்டு, அந்த வட்டாரத்தின் பழைய ஆளான தோட்டக்கலைச் சங்கத்துக்கு ஒரே வரிதானா? 1835இல் தொடங்கியது அது. தொடக்கத்தில் முன்னின்றவர் ராபர்ட் வைட், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். வைத்தியத்தைவிடச் செடிகளில்தான் மனுஷனுக்கு நாட்டம். ரங்கய்யா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்கள் அவருக்காக வரைந்த தாவரப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1840களில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தவரும் இவரே. பொழுதுபோக்குக்கு ரோஜா வளர்த்த துரைமார் சங்கம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் 1962இல் வந்ததும் இந்தச் சங்கத்தின் தோட்ட நிலத்தில்தான். காரில் உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிட்ட தலைமுறைக்கு அந்த நிழல் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா, தெரியவில்லை. 2008இல் ஓட்டல் மூடியது, அதே இடத்தில் 2010இல் பூங்கா திறந்தது. அந்த நிலத்தைப் பற்றிய வழக்குக்குள் நான் போகவில்லை, அது தனிக் கதை.

எங்களுக்குச் சங்கத்தின் தோட்டம் செடி வாங்கும் இடமாக இருந்தது. அங்கே ஒரு தோட்டக்காரர், ஒட்டு ரோஜாவில் ஒட்டு போட்ட முடிச்சுக்குக் கீழே கிளம்பும் துளிரைக் காட்டி, "இதை உடனே கிள்ளிடுங்கம்மா, விட்டா காட்டு ரோஜாதான் மிஞ்சும்" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எங்கள் மாடியில் ரோஜா நிலைத்தது. பூங்காவில் நடக்கலாம், படம் எடுக்கலாம். சரி, இதைச் சொல்லித்தர அங்கே யார் இருக்கிறார்கள்?