பாளையத்துச் செங்கல் கட்டடத்தில் நமக்கும் பங்கு உண்டு

களியக்காவிளையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் திருவனந்தபுரம் தம்பானூர். அங்கிருந்து ஸ்டாச்சு தாண்டி பாளையம் போகிற வழியில் யூனிவர்சிட்டி காலேஜ். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் வருஷா வருஷம் மியூசியமும் மிருகக்காட்சி சாலையும் பார்க்க அந்த வழியாகத்தான் போகிறார்கள். எந்த வேனும் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம்.

அதன் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் திருவிதாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாளிடம் தொடங்குவார்கள். 1866-ல் கல்லூரி, முதல் பிரின்சிபால் ஜான் ராஸ், 1870-களில் கட்டடம். சரிதான். ஆனால் கதை அதற்கும் முன்னால் நாகர்கோவிலில் தொடங்குகிறது. அங்கே ஜான் ராபர்ட்ஸ் என்பவர் ஒரு ஆங்கிலப் பள்ளி நடத்திவந்தார். அப்போதைய மகாராஜா சுவாதித் திருநாளுக்கு அது பிடித்துப்போய், 1834-ல் அவரைத் திருவனந்தபுரத்துக்கே வரவழைத்துவிட்டார். அந்தப் பள்ளிக்கூடம்தான் வளர்ந்து கல்லூரியானது. 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் பிறந்தபோது கட்டடத்துக்கு அறுபது வயது தாண்டியாயிற்று. அதுவரை பரீட்சையும் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்துடையவை.

அப்புறம் சுந்தரம் பிள்ளை. 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர், இந்தக் கல்லூரியில் படித்து, இங்கேயே தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1891-ல் அவர் எழுதிய மனோன்மணீயம் நாடகம் வெளிவந்தது. அதன் வாழ்த்துப் பாடலில் இருந்து எடுத்ததைத்தான் 1970 முதல் தமிழ்த்தாய் வாழ்த்தாகத் தமிழ்நாடே எழுந்து நின்று பாடுகிறது. அவர் பெயர் தாங்கிய பலகை திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில். ஆள் பாடம் நடத்தியது பாளையத்தில். (கட்டடத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லவில்லை ஐயா, மலையாள நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம். பிள்ளைகளை ஒரு பத்து நிமிஷம் இறக்கிக் காட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.)

எங்கள் தாத்தா குழித்துறைக்காரர். யூனிவர்சிட்டி காலேஜில் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது 1956 நவம்பர் 1 வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நம் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. "ராத்திரி ஹாஸ்டலில் படுக்கும்போது உள்ளூர்க்காரன், காலையில் எழுந்தால் வெளிமாநிலத்தான்" என்று சிரிப்பார்.

எந்த விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடினாலும் பக்கத்தில் இருப்பவர் காதில் "இது எங்க காலேஜ் சார் எழுதினதாக்கும்" என்பார். அந்த சார் 1897-லேயே இறந்துவிட்டார், நீங்கள் அப்போது பிறக்கவே இல்லை தாத்தா என்றால், "அதுக்கென்ன, சார் சார்தானே" என்று முறைப்பார்.